வலிய திராவகமும் எளிய புளிப்பும்

கலப்பு வெள்ளியில் ஒரு மோதிரம் செய்ய விரும்பி, கம்பியை வளைத்து, முனைகள் இரண்டையும் மயிரிழை இடைவெளியும் இல்லாதபடி அராவிப் பொருத்தி, வெண்காரக் குழம்பைத் தடவி, பற்றாசுத் துணுக்கொன்றை இணைப்பின்மீது வைத்து, சுடரால் அதை உருக்கி ஓடவிட்டவர் யாராயினும், அந்த வேலை முடிந்த கணத்தில் தம்முன் காண்பது வெள்ளியின் வெண்மையை அன்று. மேலெல்லாம் படர்ந்த கருமையையும், ஆங்காங்கே செந்நிறத் திட்டுக்களையும், இணைப்பைச் சுற்றிக் கண்ணாடியாக இறுகிப்போன ஒரு பூச்சையுமே அவர் காண்கிறார். இந்தக் கறையைப் போக்கினாலன்றி அடுத்த வேலைக்கு வழியில்லை. கறையின்மேல் பற்றாசு ஓடாது, மெருகும் ஏறாது. ஆகவே பொற்கொல்லர் பட்டறைகளில் நீர் கலந்த திராவகம் ஒரு பாத்திரத்தில் எப்போதும் ஆயத்தமாக இருப்பது நெடுநாள் வழக்கம். பட்டறைக்குப் பொருந்திய அந்த வழக்கம், குழந்தைகள் ஓடியாடும் வீட்டின் ஓர் அறையிலோ மாடிப் படிக்கட்டின் அடியிலோ பொழுதுபோக்காக ஆபரணம் செய்கிறவர்களுக்கும் பொருந்துமா என்பதே இந்த அத்தியாயத்தில் நாம் விசாரிக்கப் புகுந்த பொருள்.

முதலில் கறையின் ஸ்வபாவத்தை அறிந்துகொள்வோம். ஸ்டெர்லிங் என்று வழங்கும் வெள்ளியில் 1000 பங்குக்கு 925 பங்கு வெள்ளி. எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுடரின் உஷ்ணத்தில் வெள்ளி பிராணவாயுவோடு நிலையாகக் கூடுவதில்லை. வெள்ளி ஆக்சைடு உண்டானாலும் அந்த உஷ்ணத்தில் அது மீண்டும் சிதைந்துபோகும். செம்போ அப்படிப்பட்டதன்று. அது ஆவலோடு பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, மேற்பரப்பில் கரிய குப்ரிக் ஆக்சைடாகவும், அதற்கு அடியில் செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடாகவும் மாறுகிறது. 22 காரட் பொன்னிலும் கலந்துள்ள செம்புதான் சூட்டில் கறுக்கிறதேயன்றிப் பொன் கறுப்பதில்லை. இணைப்பைச் சுற்றி நிற்கும் கண்ணாடிப் பூச்சு, சுமார் 740 டிகிரி உஷ்ணத்தில் உருகி, ஆக்சைடுகளைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, பிறகு குளிர்ந்து இறுகிய வெண்காரம். ஆக, நாம் நீக்க வேண்டியவை இரண்டே: ஒன்று செம்பின் ஆக்சைடு, மற்றொன்று இறுகிய வெண்காரம். இவற்றுள் இரண்டாவதைக் கொதிநீரே பெருமளவுக்குக் கரைத்துவிடும். எஞ்சி நிற்கும் முதலாவதற்காகத்தான் கந்தகத் திராவகம் வேண்டும் என்று நினைத்தார்கள்.

அந்தத் திராவகத்தின் அபாயம் பலர் எண்ணுவதைக் காட்டிலும் ஆழமானது. செறிந்த கந்தகத் திராவகம் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.84 மடங்கு கனமுடையது; தண்ணீரோடு கலக்கும்போது மிகுந்த உஷ்ணத்தை வெளியிடுவது. திராவகத்தின்மேல் தண்ணீரை வார்த்தால், இலேசான தண்ணீர் மேலே மிதந்து, கலக்கும் இடத்தில் அந்த க்ஷணமே கொதித்து, திராவகத் துளிகளை வார்த்தவர் முகத்தில் வாரி இறைக்கும். தண்ணீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றித் திராவகத்தில் தண்ணீரைச் சேர்க்கலாகாது என்ற விதி பள்ளிச் சிறுவர்க்கும் தெரிந்ததுதான். ஆயினும் கை நடுங்கும் ஒரு கணத்தில், குப்பி வழுக்கும் ஒரு கணத்தில், விதி தெரிந்திருப்பது கண்களைக் காப்பாற்றுவதில்லை. வெடியுப்புத் திராவகமோ இன்னும் வஞ்சனை மிக்கது. செம்போடு சேர்ந்து அது எழுப்பும் பழுப்பு நிறப் புகையை நுகர்ந்தவர் அப்போதைக்குச் சற்றே இருமிவிட்டு வேலையைத் தொடரலாம். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்போதுதான் நேர்ந்த கேடு புலப்படும். இவற்றை வீட்டில் சேமித்து வைப்பது வீட்டாரை மட்டும் பாதிக்கும் விஷயமும் அன்று. திராவகத்தை ஆயுதமாக்கிப் பெண்களின் முகத்தில் வீசும் கொடுமை இந்தியாவில் பெருகியதைக் கண்டு, 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதன் சில்லறை விற்பனைக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. வாங்குவோர் புகைப்படத்தோடு கூடிய அரசு அடையாளச் சான்றைக் காட்டி, வாங்கும் நோக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பதும், 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். ஒரு வீட்டில் தேவையின்றித் திராவகக் குப்பி இராமல் இருப்பதே நலம் என்பதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, இந்த விஷயத்தின் உயிர்நிலையான இரசாயனத்துக்கு வருவோம். செம்பு என்ற உலோகம், காற்றின் துணையின்றி, நீர்த்த கந்தகத் திராவகத்தில்கூடக் கரைவதில்லை. ஆனால் செம்பின் ஆக்சைடு எளிய புளிப்பிலும் கரைந்துவிடும். ஆக்சைடில் செம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனோடு, புளிப்பு தருகிற ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு கூடித் தண்ணீராகின்றன. விடுபட்ட செம்பு அயனி நீரில் இறங்கி அதை நீலமாக்குகிறது. இந்தக் காரியம் இயல்பாகவே நிகழக்கூடியது. இதற்கு அசுர பலம் தேவையில்லை. வலிய திராவகம் செய்வதெல்லாம் அதைத் துரிதப்படுத்துவது மட்டுமே. துரிதமோ வேறு வழிகளிலும் கிட்டும். இரசாயன வினைகள் பலவற்றில் 10 டிகிரி உஷ்ணம் கூடும்போது வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது ஒரு பொது விதி; அதன்படி 30 டிகிரியில் இருந்த கரைசலை 60 டிகிரிக்குக் காய்ச்சினால் வினையின் வேகம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஒரு நாளைக்கு நூறு நகை முடித்தாக வேண்டிய பட்டறைக்கு ஒவ்வொரு நிமிஷமும் பொருள். வீட்டில் ஓய்வு நேரத்தில் ஒரே ஒரு தோட்டைச் செய்துகொண்டிருப்பவர்க்கு, இரண்டு நிமிஷத்தில் வெளுக்க வேண்டியது பதினைந்து நிமிஷத்தில் வெளுத்தால் என்ன குறைந்துவிடும்? திராவகத்தின் வலிமையைக் கொண்டு நாம் வாங்கியது காலத்தை மட்டுமே. அந்தக் காலமோ வீட்டுக் கைவினைஞரிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

உண்மையில், கனிமத் திராவகங்களைக் கண்டறியும் முன்பே உலகெங்கும் மக்கள் மிகச் சிறந்த ஆபரணங்களைச் செய்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் கொலம்பியா, பெரு ஆகிய பகுதிகளின் பழங்குடிக் கம்மியர், பொன்னும் செம்பும் கலந்த தும்பாகா என்ற உலோகத்தை அடித்து, சுட்டு, கறுத்த செம்பை நீக்கி, மீண்டும் சுட்டு, மீண்டும் நீக்கி, இவ்விதம் பன்முறை செய்வதன் வாயிலாக, மேற்பரப்பில் செம்பு குறைந்து பொன் மிகுமாறு செய்தனர். வெளிப்பார்வைக்கு அது பசும்பொன்னாகவே தோன்றிற்று. செம்பை நீக்க அவர்கள் தாவரச் சாறுகளைப் பயன்படுத்தினர் என்பதற்கு, அங்கே சென்ற ஸ்பானியர் எழுதிவைத்த குறிப்புகள் துணை நிற்கின்றன. ஐரோப்பாவிலோ, மதுவைப் புளிக்கவைத்த பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் டார்ட்டார் என்ற உப்பையும் கறியுப்பையும் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, அதில் வெள்ளியை இட்டு வெளுப்பித்தார்கள். ஜெர்மானிய நாணயச் சாலைகளில், செம்பு மிகுதியாகக் கலந்த வெள்ளி வில்லைகள் இவ்விதமே வெண்மை பெற்றன. நம் வீடுகளில் கார்த்திகை விளக்குக்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்க்கும்போது நிகழ்வதும் வேறன்று. டார்ட்டாரிலும் புளியிலும் இருப்பது ஒரே டார்ட்டாரிக் அமிலந்தான்.

அப்படியானால் வலிய திராவகம் பட்டறைக்குள் வந்தது எப்படி? 1746-இல் ஜான் ரோபக் என்பவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், கண்ணாடிக் கலங்களுக்குப் பதிலாக ஈயத் தகடு வேய்ந்த அறைகளில் கந்தகத் திராவகத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். கண்ணாடியில் சிறிது சிறிதாக வடித்த பொருள், அறை அறையாக, மலிவாகக் கிடைக்கலாயிற்று. பர்மிங்காம் பொத்தானும் கொக்கியும் அணிகளும் செய்யும் கைத்தொழிலாளர் நிறைந்த ஊர். உலோகத்தைத் துரிதமாக வெளுப்பிக்கும் மலிவான திராவகத்தை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆகவே, கந்தகத் திராவகத்தின் ஆட்சி கைத்தொழிலின் நீண்ட சரித்திரத்தில் அண்மைக் காலத்தது. அதுவும் அவசரத்தின் பொருட்டு ஏற்பட்டது. அதைக் கைவிடுவது கலையின் மரபைக் கைவிடுவது ஆகாது.

இன்று வீட்டுக் கைவினைஞர்க்குக் கிடைக்கும் மாற்றுக்களுள் முதன்மையானது சிட்ரிக் அமிலம் என்பது என் திடமான கருத்து. இதன் வரலாறே தனி அழகுடையது. ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரரான கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். டார்ட்டாரிலிருந்து டார்ட்டாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்த அவரே, 1784-இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் படிகமாகப் பிரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக உலகின் சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் இத்தாலிய எலுமிச்சைத் தோட்டங்களையே நம்பியிருந்தது. 1917-இல் ஜேம்ஸ் கர்ரி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை சர்க்கரைக் கரைசலிலிருந்து இந்த அமிலத்தை ஏராளமாக உண்டாக்குவதைக் கண்டு வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. அந்தப் பூஞ்சையின் உபகாரத்தால்தான், இன்று மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரால், பழரசம் காய்ச்சுவோர் வாங்கும் விலையில், இந்த வெண்பொடி நமக்குக் கிடைக்கிறது.

இதன் குணங்களை ஆராய்ந்தால், இந்தக் காரியத்துக்கென்றே அமைந்ததோ என்று தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்தால் அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 1.7, நூற்றுக்குப் பத்துப் பங்கு கந்தகத் திராவகம் கலந்த நீரின் அளவோ சுழிக்கு அருகில். பி.எச். கணக்கில் ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடுகின்றன என்பதை நினைவிற் கொண்டால், சிட்ரிக் கரைசலில் எந்தக் கணத்திலும் சுதந்திரமாக உலவும் ஹைட்ரஜன் அயனிகள் கந்தகத் திராவகத்தில் உள்ளவற்றில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கே என்பது விளங்கும். தோலும் துணியும் தப்புவது இதனால்தான். ஆனால் வேலை செய்யும் திறன் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதில்லை. சிட்ரிக் அமில மூலக்கூறு ஒவ்வொன்றும் விட்டுக்கொடுக்கத்தக்க மூன்று ஹைட்ரஜன்களைத் தன்னிடம் இருப்பாக வைத்திருந்து, உலவுகின்றவை ஆக்சைடோடு வினைபுரிந்து தீரத் தீர, மேலும் மேலும் விடுவிக்கிறது. அந்த 100 கிராமில் முதல் ஹைட்ரஜனை மட்டும் கணக்கில் எடுத்தாலும், சுமார் 20 கிராம் குப்ரிக் ஆக்சைடைக் கரைக்கப் போதுமானது. ஒரு மோதிரத்தின்மேல் படியும் ஆக்சைடோ சில மில்லிகிராமுக்கு மேற்படாது. இதற்கும் மேலாக, சிட்ரேட் அயனி தன் பல கரங்களாலும் செம்பு அயனியைச் சூழ்ந்து பற்றிக்கொண்டு, அது மீண்டும் உலோகத்தின்மேல் படியாதபடி நீரிலேயே நிறுத்துகிறது. கந்தகத் திராவகத்துக்கு இந்தப் பிடிப்பு வாய்க்கவில்லை. யாவற்றினும் முக்கியமாக, சிட்ரிக் அமிலம் ஆவியாகும் தன்மையற்றது. மிதமான சூட்டில் அதிலிருந்து மூக்கை அரிக்கும் புகை எழுவதில்லை, அறையில் உள்ள இரும்புக் கருவிகளும் துருப்பிடிப்பதில்லை. எவர்சில்வர் சாமான்களின் மேற்பரப்பைத் தூய்மைப்படுத்தி உறுதியாக்கும் வேலையில் நெடுங்காலம் வெடியுப்புத் திராவகத்தையே கட்டளையிட்டுவந்த தொழில்துறையும் இப்போது சிட்ரிக் அமிலத்தை அதற்குச் சமமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற அமெரிக்கத் தர விதி இரண்டையும் அனுமதிக்கிறது.

பிரயோக முறை எளியது. கண்ணாடி, பீங்கான் இவற்றால் ஆகிய பாத்திரத்தில் கரைசலை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதி அன்று. கொதிக்கவிட்டால் நுண்துளிகள் காற்றில் பரவுமாதலால் அது கூடாது. அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. கரைசலுக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுபோகவும் ஆகாது, ஏனெனில் முதல் நகைக்குப் பிறகு அதில் இருப்பது எலுமிச்சைப் புளிப்பு மட்டுமன்று, செம்புங்கூட. சூடான நகையை நேரே கரைசலில் போடுவது பட்டறைகளில் காணும் கெட்ட பழக்கம்; துளிகள் தெறிக்கும், கல் பதித்திருந்தால் விரியும், உள்ளே கூடான குண்டாக இருந்தால் குளிரும்போது கரைசலை உறிஞ்சிக்கொண்டு, அணிந்த பிறகு கழுத்தில் கசியும். முதலில் வெறுந் தண்ணீரில் ஆறவிட்டு, பிறகு கரைசலில் இட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து, மரத்தாலோ மூங்கிலாலோ செம்பாலோ ஆன குறட்டால் எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நன்றாகக் கழுவ வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு தேய்த்தால், நம் பொற்கொல்லர் காலங்காலமாகச் செய்துவருவதுபோல, மெருகுக்கு முந்திய ஒளி வந்துவிடும். கண்ணாடி அணிந்து கண்ணைக் காப்பது இங்கும் அவசியம். எலுமிச்சைச் சாறு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்க்கு அதைவிடச் செறிந்த கரைசலைப்பற்றி விளக்க வேண்டியதில்லை. நாட்கணக்கில் மூடிவைத்த பழைய கரைசலின்மேல் பூஞ்சை பூக்கும். அமிலத்தை ஆக்கித் தரும் இனத்துக்கு அந்த அமிலம் ஆகாரமாவதில் ஆச்சரியமில்லை. அவ்வப்போது சிறிதளவே கரைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது மாற்று, நாவிதர் சவரத்துக்குப் பின் முகத்தில் தடவுவதும், கலங்கிய ஆற்று நீரைத் தெளியவைக்கப் பாட்டிமார் குடத்தில் சுழற்றுவதுமான படிகாரம். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த இந்த இரட்டைச் சல்பேட்டில் பெயரளவுக்கும் அமிலம் இல்லை. ஆயினும் அதன் கரைசல் நாவில் புளிக்கிறது. அலுமினிய அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை வலுவாகத் தன்பக்கம் இழுக்க, அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் கழன்று விடுபடுவதே காரணம். இதன் புளிப்பு சிட்ரிக்கைக் காட்டிலும் மென்மையானது. ஆகையால் கொதிநிலைக்கு அருகிலான சூடும் கூடுதலான பொறுமையும் வேண்டும். ஆறினால் படிகங்கள் அடியில் உறைந்து நிற்கும். மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். கல்லாகவே வைத்திருக்கலாம், கெட்டுப்போகாது, பூஞ்சையும் அண்டாது. எலுமிச்சை உப்புக் கிடைக்காத ஊர்களில் இதைப்போன்ற துணை வேறில்லை.

புளியைப்பற்றியும் காடியைப்பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் அவற்றில் உள்ள சர்க்கரையும் நாரும் பசையும் நகையின் நுண்ணிய வேலைப்பாட்டுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். விளக்கைத் தேய்க்க உகந்தது, கம்பிவேலைத் தோட்டை ஊறவைக்க உகந்ததன்று. காடியோடு கறியுப்பைச் சேர்த்தால் உப்பிலுள்ள குளோரைடு செம்பைப் பற்றுவதால் வேகம் கூடுகிறது. ஆனால் காடியின் அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது, சூடேற்றினால் நெடி கண்ணை எரிக்கும், அருகிலுள்ள கருவிகளும் துருவேறும். அவசரத்துக்கு உதவும் என்பதற்குமேல் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சற்று நின்று ஆராய வேண்டியது சோடியம் பைசல்பேட் என்ற உப்பு. கடைகளில் விற்கும் ‘பாதுகாப்பான’ வெளுப்புப் பொடிகள் பல இதுவே. நீச்சல் குளத்து நீரின் காரத்தைக் குறைக்கவும் இதைத் தூவுகிறார்கள். சோடிய வெடியுப்பையும் கந்தகத் திராவகத்தையும் சேர்த்துக் காய்ச்சி வெடியுப்புத் திராவகம் வடித்த காலத்தில், கலத்தின் அடியில் எஞ்சிய கட்டி இதுதான். முதல் உலகப் போரில் கந்தகத் திராவகம் வெடிமருந்துத் தொழிலுக்கே போதாமற்போகவே, உலோகத் தொழிலார் அந்தக் கழிவுக் கட்டியைக் கொண்டே உலோகங்களை வெளுப்பித்தார்கள். உலர்ந்த பொடியாக இருப்பதால் குப்பி உடைந்து சிந்தும் பயம் இல்லை, தண்ணீரில் சேர்க்கும்போது பொங்கித் தெறிப்பதும் இல்லை என்பவை இதன் மெய்யான நன்மைகள். ஆனால் நீரில் கரைந்த பின்பு இது கந்தகத் திராவகத்துக்கு மிக நெருங்கிய உறவினமே, பி.எச். அளவு ஒன்றை ஒட்டி இறங்கிவிடும், துணியில் பட்டு உலர்ந்தால் ஓட்டை விழும். பொடியை வாங்கும்போது இருக்கும் பாதுகாப்புக் கரைசலாகும்போதும் தொடர்கிறது என்று வாங்குவோர் எண்ணிவிடுவதே இதில் உள்ள பெரிய அபாயம். நாள்தோறும் பல நகை செய்வோர் தக்க காற்றோட்டத்தோடு பயன்படுத்தலாம். புதிதாகத் தொடங்குவோர்க்கு வேண்டாம்.

எந்தக் கரைசலாயினும் இரும்பைச் சேர்க்காமல் இருப்பது இன்றியமையாதது. பலமுறை பயன்படுத்தி நீலமான கரைசலில் இரும்புச் சாமணத்தை விட்டு வெள்ளி நகையை எடுத்தால், நகை செந்நிறமாகிவிடுவதைப் பலர் கண்டு திகைத்திருப்பார்கள். இரும்பு செம்பைக் காட்டிலும் எளிதில் எலெக்ட்ரானை இழந்து கரையும் உலோகம். அது கரையும்போது விட்ட எலெக்ட்ரான்கள் தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளியின் வழியே பாய்ந்து, நீரிலுள்ள செம்பு அயனிகளை வெள்ளியின்மேல் உலோகமாகப் படியச் செய்கின்றன. அந்தச் சிறு பாத்திரமே ஒரு மின்கலமாகிவிடுகிறது. பித்தளை வேலையில் இரும்பு இல்லாமலே இளஞ்சிவப்பு பூத்து நிற்பதற்குக் காரணம் வேறு: குப்ரஸ் ஆக்சைடு புளிப்பில் கரையும்போது அதன் செம்பில் ஒரு பாதி அயனியாகவும் மறுபாதி உலோகத் துகளாகவும் பிரிகிறது. திறந்த பாத்திரத்தில் எடுத்த சிறிது சிட்ரிக் கரைசலில், ஆறிய நிலையில், மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் சேர்த்தால் அந்தத் துகளும் கரைந்துவிடும். அந்தக் கலவையை மூடிவைக்கவும் கூடாது, அதில் உப்புச் சேர்க்கவும் கூடாது.

எளிய புளிப்பால் ஆகாதவையும் உண்டு. நெடுநேரம் சுட்ட வெள்ளியில் பிராணவாயு உள்ளே ஊடுருவி, மேற்பரப்புக்கு அடியில் இருக்கும் செம்பைக் கறுப்பித்துவிடுவதுண்டு. மெருகிட்ட பின் சாம்பல் நிற நிழலாகத் தோன்றும் அந்த உட்கறையைச் சிட்ரிக் அமிலமும் எடுக்காது, நீர்த்த கந்தகத் திராவகமும் எடுக்காது. முன்னாளில் அதற்கென்றே வெடியுப்புத் திராவகத்தை நாடினார்கள். உப்புத்தாளால் நிதானமாகத் தேய்த்தெடுப்பதே வீட்டுக்குத் தக்க வழி. போரிக் அமிலப் பூச்சை முன்னதாகத் தடவிச் சுட்டால் உட்கறை வெகுவாகக் குறையும். செம்பே இல்லாத தூய வெள்ளியில் வேலை செய்தால் கறுக்கவே கறுக்காது. மிருதுவான உலோகமாதலால் வளையலுக்கு உதவாவிட்டாலும், தோட்டுக்கும் பதக்கத்துக்கும் அது ஏற்றது. முத்து, பவளம் இரண்டும் சுண்ணாம்புக் கார்பனேட்டால் ஆனவை. எவ்வளவு மென்மையான புளிப்பும் அவற்றை அரிக்கும். பற்றாசு ஓடுவதற்காகத் தடவும் இளக்கியைத் தேர்வதிலும் கவனம் தேவை: புளோரைடு கலந்த இளக்கிகள் புளிப்போடு சேரும்போது ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு சிறிதளவேனும் உண்டாகக்கூடுமாதலால் வெறும் வெண்காரமே போதும். இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. கே.டி.எம். என்று நம் நகைக் கடைகளில் பேர்பெற்ற பற்றாசில் காட்மியம் உண்டு. அது 767 டிகிரியில் கொதித்து ஆவியாகி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கறை நீக்கும் கரைசலை மாற்றிவிட்டு, காட்மியப் பற்றாசைச் சுடரில் காட்டிக்கொண்டிருப்பவர் பெரிய அபாயத்தை அப்படியே வைத்திருக்கிறார். அவர் முதலில் மாற்ற வேண்டியது பற்றாசை.

இறுதியாக, தீர்ந்துபோன கரைசலை என்ன செய்வது என்ற கேள்வி. சிட்ரிக் அமிலம் மண்ணில் எளிதில் சிதையும், செம்பு சிதையாது. மிகச் சிறிய அளவிலும் மீனுக்கும் பாசிக்கும் அது நஞ்சு. கந்தகத் திராவகக் கழிவில் சோடாவைச் சேர்த்தால் செம்பு பச்சைநிறக் கார்பனேட்டாக அடியில் படிந்துவிடும். சிட்ரிக் கரைசலிலோ, முன்பு நாம் பாராட்டிய அந்தப் பிடிப்பே இப்போது தடையாகி, செம்பை எளிதில் படியவிடாது. ஆகவே சோடாவைச் சேர்க்கும் முன்பு, புளிப்பு இருக்கும்போதே, எண்ணெய்ப் பசையற்ற இரும்பு ஆணிகளையோ இரும்பு நார்ச் சுருளையோ அதில் போட்டு, மூடாமல், ஓரிரு நாள் விட்டுவிட வேண்டும். வேலையின்போது எந்த வினையை அஞ்சி இரும்பை விலக்கினோமோ அதே வினையால், இரும்பு கரைந்து செம்பு செம்மண் நிறத் துகளாகப் படியும். சீனத்தில் சோங் அரச வம்சத்தார் காலத்தில், சுரங்க நீரிலிருந்து நாணயத்துக்கு வேண்டிய செம்பைப் பேரளவில் எடுத்தது இந்த முறையில்தான். நீல நிறம் மறைந்த பிறகு தெளிநீரை வடித்து, நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடலாம். பிளீச்சிங் பவுடர் கலந்த எதையும் இதன் அருகில் கொண்டுவரலாகாது. புளிப்போடு சேர்ந்தால் அது குளோரின் வாயுவை வெளியிடும். படிந்த செம்புத் துகளைக் கழுவி உலர்த்தி ஒரு சீசாவில் சேர்த்துவைத்தால், பழைய உலோகம் வாங்குவோர் அதை மற்றச் செம்போடு எடுத்துக்கொள்வார்கள்.